நோட்டில் ஏறிய நம்பர்

எங்கள் ஸ்டுடியோவில் அப்பா காலத்திலிருந்து ஒரு நோட்டு உண்டு. மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை மடியில் வைத்து எழுதுவாரே, அந்த மாதிரி சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. யார் வீட்டு விசேஷம், என்ன தேதி, எத்தனை காப்பி, அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று வரிசையாக ஏறும். இடது ஓரத்தில் ஒரு நம்பர். 1997-ஆம் வருஷத்தின் 64-ஆவது வேலை என்றால் 97/64. நெகட்டிவ் கவரிலும் அதே நம்பர். பிரிண்டுக்குப் பின்னால், ரப்பர் ஸ்டாம்புக்குக் கீழே, பென்சிலில் அதே நம்பர். "கல்லாவ அப்புறம் பூட்டிக்கலாம், மொதல்ல நோட்டுல ஏத்து" என்பார் அப்பா. வரவேற்பு முடிந்து ராத்திரி 11 மணிக்குக் கால் கடுக்க வந்தாலும், அந்த வரியை எழுதாமல் வீட்டுக்குப் போக விடமாட்டார்.

டிஜிட்டலா ஃபிலிமா என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். தொழிலுக்கு வருகிற பையன்கள் கேட்கிறார்கள். ஆசைக்கு ஒரு ரோல் வாங்கிப் போட்டுப் பார்க்கிற காலேஜ் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கலர், கிரெயின், ஷார்ப்னஸ் என்று அவர்கள் பேசப் பேச, எனக்கு ஒரு சிலேட்டும் இந்தச் சிவப்பு நோட்டும்தான் கண்ணில் வந்து நிற்கும். ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை.

அப்பா நாகப்பட்டினத்தில் கடை போட்டது 1962-ல். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பு. டெவலப்பர் கலக்க அது ஆகாது. நல்ல தண்ணீர் ஒரு குடம் தினமும் சைக்கிளில் வரும். அதில் பாதி வீட்டுக்கு, பாதி டார்க் ரூமுக்கு. மெட்டாலையும் ஹைட்ரோகுவினோனையும் தராசில் நிறுத்துப் போட்டு அப்பாவே கலக்குவார். ஹைப்போவில் போட்டு எடுத்த நெகட்டிவை அரைமணி நேரம் தண்ணீரில் அலசியாக வேண்டும். "அவசரப்பட்டு எடுத்தியானா, பத்து வருஷத்துல மஞ்சளடிச்சுரும். இன்னிக்கு வாங்குற காசு இன்னிக்கே செலவாயிரும். நெகட்டிவ் அப்படியில்ல" என்பார். ஊட்டி ஃபேக்டரியில் 1967-லிருந்து வந்த 'இந்து' பிலிம் அவருக்கு ரொம்ப இஷ்டம். நம்ம ஊர் மலையில் செய்தது என்கிற பெருமை.

முகத்தில் அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் சித்தப்பா பார்த்துக்கொள்வார். அவர் டச்சிங் ஆர்ட்டிஸ்ட். ஜன்னலோரம் சாய்வு மேஜை, அடியில் ஒரு கண்ணாடி. வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நெகட்டிவ் வழியாக மேலே வரும். உப்புத்தாளில் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கிய பென்சிலால், மூச்சை அடக்கிக்கொண்டு புள்ளி புள்ளியாக வைப்பார். நெகட்டிவில் முகத்தைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். தலைமயிர் வெள்ளையாக, பல் கறுப்பாக, பேய் மாதிரி தெரிகிற அந்த முகத்தைப் பார்த்து, "இது இன்னார்" என்று சொல்லிவிடுவார்.

நான் 1988-ல் கடைக்கு வந்தேன். அதற்குள் கலர் வந்து, டார்க் ரூம் சாமான் போடுகிற அறையாகிவிட்டது. 1993-ல் நிக்கான் எஃப்எம்2 வாங்கினேன். அதில் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். செல் தீர்ந்தாலும் ஷட்டர் அடிக்கும். ரோலை லேபில் கொடுத்தால் இரண்டு நாளில் பிரிண்ட். லேப் மெஷினில் டெவலப்பர் 37.8 டிகிரியில் இருக்க வேண்டும், ரோல் அதில் 3 நிமிஷம் 15 விநாடி ஓட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் உள்ளே இருக்கிற ரோலின் கதி கடவுளுக்கே வெளிச்சம். கல்யாண ரோலைக் கொடுத்துவிட்டு லேப் வாசலில் டீ குடித்துக்கொண்டே கரண்டுக்காக வேண்டிக்கொண்ட நாட்கள் உண்டு.

அப்பா 2001-ல் போய்ச் சேர்ந்தார். நோட்டு என் கைக்கு வந்தது.

2004-ல்தான் இந்த டிஜிட்டல் பேச்சு எங்கள் தெருவுக்கு வந்தது. நாகூர்க்காரர் ஒருவர், சிங்கப்பூர் சபுராளி, ஊருக்கு வந்தபோது கேனான் பவர்ஷாட் ஏ75 கொண்டுவந்தார். 3.2 மெகாபிக்சல். நாலு பென்சில் செல்லில் ஓடுகிற சின்னப் பெட்டி. தங்கை கல்யாணத்துக்கு நான் எடுத்த ஆல்பத்தின் பாக்கிக்கு அதை என்னிடமே தள்ளிவிட்டார். கடைப் பையனுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, ரோல் செலவே இல்ல. புடிக்கலன்னா அழிச்சுக்கலாம்" என்றான். சித்தப்பா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெகட்டிவ் எங்கடா?" என்று கேட்டார். இல்லை என்றதும் மேஜையில் வைத்துவிட்டார். அதோடு சரி.

நிக்கான் டி70 அந்த வருஷம்தான் வந்திருந்தது. விலைக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். என் எஃப்எம்2 லென்ஸை அதில் மாட்டலாம், ஆனால் மீட்டர் வேலை செய்யாது. தீபாவளிவரை யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தேன். பவர்ஷாட் அலமாரியில் கிடந்தது. கடைப் பையன் அவ்வப்போது எடுத்து வாசலில் போகிற ஆட்டைப் படம் பிடிப்பான்.

டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. மார்கழி, கல்யாண வேலை இல்லை. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்தவர்கள் கொடுத்த ரோல்களைப் பிரித்து அடுக்கலாம் என்று ஒன்பது மணிக்கே மாடியில் கடையைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் ஜனம் ஓடி வருகிறது. ஈரத் துணியோடு, சேறோடு, சிலர் துணியே இல்லாமல். "கடல் உள்ள வந்துருச்சு, கடல் உள்ள வந்துருச்சு" என்பது ஒன்றுதான் எல்லார் வாயிலும். சுனாமி என்ற சொல்லை அன்றைக்குச் சாயங்காலம்வரை நான் கேள்விப்பட்டதில்லை. கறுப்புத் தண்ணீர் எங்கள் தெருமுனைவரை வந்து நின்று, திரும்பிப் போனது.

தொழில் புத்தி. எஃப்எம்2-வை மாட்டிக்கொண்டு அக்கரைப்பேட்டைப் பக்கம் போனேன். விசைப்படகுகள் பாலத்தடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கீச்சாங்குப்பத்தில் வீடு இருந்த இடத்தில் மணல். பதினோரு படம் எடுத்தேன். பன்னிரண்டாவதுக்கு வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபோது ஒரு கை தெரிந்தது. கேமராவைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு அந்தக் கையைப் பிடித்து இழுக்கப் போனேன். உயிர் இல்லை. அன்றைக்கு மத்தியானம்வரை எத்தனை பேரைத் தூக்கினோம் என்று கணக்கு வைக்கவில்லை.

நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள் என்று பிற்பாடு படித்தோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரித் தாழ்வாரம் நிரம்பி, வாசலும் நிரம்பி, வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது என்பதுதான். சீக்கிரம் அடக்கம் செய்தாக வேண்டும். தேடி வருகிற சொந்தக்காரர்களும் பிழைத்திருக்க வேண்டுமே. பஞ்சாயத்தார் ஒருவர் என் தோளில் தொங்கின கேமராவைப் பார்த்தார். "தம்பி, மூஞ்சியையாவது எடுத்து வையி. நாளைக்கு யாராச்சும் கேட்டு வந்தா காட்டணும்ல" என்றார்.

எடுத்தேன். அந்த ரோலின் மிச்சம், மேலே இரண்டு ரோல். குழிக்குப் பக்கத்தில் பொக்லைன் உறுமிக்கொண்டிருந்தது. ஒருவர் துணியை விலக்குவார், நான் ஃபிளாஷ் அடிப்பேன், அடுத்தது. இருட்டுகிறவரை எடுத்தேன். மூன்று ரோலையும் டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். லேப் பூட்டியிருந்தது. ஊரிலேயே கரண்ட் இல்லை.

மறுநாள் விடிகாலையில் கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "நீங்கதானே நேத்து எடுத்தீங்க? காட்டுங்க" என்றார்கள். பையிலிருந்து ரோலை எடுத்துக் காட்டினேன். "கழுவணும்" என்றேன். ஒரு மனிதர் அந்தச் சின்ன டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கழுவ எத்தன நாளு ஆவும்?"

எனக்குப் பதில் வரவில்லை. கரண்ட் வரவேண்டும், அல்லது தஞ்சாவூர் போகவேண்டும். பஸ் கிடையாது. இவர் வீட்டு ஆள் இந்த டப்பாவுக்குள் இருக்கலாம். திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விடும். 16 வருஷம் நான் செய்த தொழிலில் அன்றைக்குப் பட்ட வெட்கத்தை வேறு என்றைக்கும் பட்டதில்லை.

அலமாரியில் கிடந்த பவர்ஷாட்டை எடுத்துத் துடைத்தேன். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருந்தார். இருந்த பென்சில் செல்லையெல்லாம் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். கடைப் பையன், எங்கிருந்து தோன்றியதோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சிலேட்டையும் ஒரு பல்பத்தையும் எடுத்துக்கொண்டான். "நம்பர் போட்டு எடுப்போம்ணே. எந்தக் குழியில யாருன்னு தெரிய வேணாமா?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாள் எடுத்த மூன்று ரோலில் நம்பரே கிடையாது. முகம் இருக்கிறது, எங்கே புதைத்தோம் என்பது இல்லை. அப்பாவின் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

2004-ஆம் வருஷப் பக்கங்கள் முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டு, புதிதாகக் கட்டம் கட்டினோம். நம்பர், நேரம், கிடைத்த இடம், ஆணா பெண்ணா, உடுத்தியிருந்த துணி, உடம்பில் அடையாளம், அடக்கம் செய்த இடம். சிலேட்டில் எழுதிய நம்பரை நெஞ்சுக்கு மேலே வைத்து ஒரு படம், துணி தெரிய ஒரு படம், தழும்பு, பச்சை, நகை ஏதாவது இருந்தால் கிட்டத்தில் ஒரு படம். இரண்டாவது நாளே முகம் முகமாக இருக்காது. உப்புத் தண்ணீரும் வெயிலும் எல்லாரையும் ஒரே ஜாடைக்குக் கொண்டுவந்துவிட்டன. துணியும் அடையாளமும்தான் பேசும்.

அந்தக் கேமராவின் திரை தீப்பெட்டியைவிடச் சின்னது. கீச்சாங்குப்பத்து அம்மா ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், இடுப்பில் பேரனோடு வந்தார். மகளும் மருமகனும் காணோம். ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். இல்ல, இல்ல, இல்ல. 17-ஆம் நம்பரின் கழுத்துப் படம் வந்தபோது, "கொஞ்சம் இரு தம்பி" என்றார். பொத்தானை அழுத்திப் பெரிதாக்கினேன். மஞ்சள் கயிறு. அதில் மூன்று ஊக்கு, ஒரு சின்னச் சாவி.

"பொட்டிச் சாவி" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பொட்டி போயிருச்சு. சாவி இருக்கு பாரு."

அந்த நிமிஷத்தில் டிஜிட்டலா ஃபிலிமா என்ற கேள்வி எனக்குள் தீர்ந்துபோனது. 3.2 மெகாபிக்சலோ என்னவோ, ஒரு தாய் அங்கேயே நின்றபடி தன் மகளைக் கண்டுபிடித்தாள். என் எஃப்எம்2-வால் அது முடியாது. நோட்டில் 17-க்கு நேராகப் பெயர் எழுதினேன். மருமகன் கிடைக்கவில்லை.

மூன்றாவது நாள், நிவாரண முகாமாக மாறியிருந்த கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடியது. கடைக் கம்ப்யூட்டரை டிவிஎஸ் 50-யில் கட்டிக் கொண்டுபோய் வைத்தோம். வெள்ளைத் தாளில் நாலு நாலாக பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டினோம். 61 நம்பர் வரை போனது. அதில் 38 பேருக்குப் பெயர் கிடைத்தது. 23 வரிகளில் பெயர்க் கட்டம் காலி.

முதல் நாள் ரோல்களை நாலாவது நாள்தான் தஞ்சாவூருக்கு எடுத்துப்போக முடிந்தது. லேபில் பிரிண்ட் போடுகிற பையன், மெஷினிலிருந்து படம் ஒவ்வொன்றாக விழ விழ, எழுந்து வெளியே போய்விட்டான். மிச்சத்தை லேப் முதலாளியே போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அந்தப் படங்களை வைத்தும் சிலர் தங்கள் ஆட்களை அடையாளம் கண்டார்கள். "எங்கப்பா பொதச்சீங்க?" என்று கேட்டார்கள். கையை விரித்தேன். எனக்கு ஃபிலிம் மீது வருத்தம் இல்லை. ஒரு சாக்குக்கட்டி போதுமாயிருந்தது.

பொங்கல் கழிந்து வேறு விதமான கூட்டம் வர ஆரம்பித்தது. மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரே கேள்வி: "நெகட்டிவ் இருக்கா தம்பி?" கடல் ஆட்களோடு அவர்கள் படங்களையும் கொண்டுபோயிருந்தது. சுவரில் மாட்டி மாலை போட ஒரு முகம் வேண்டும். சிலரிடம் வாக்காளர் அட்டை மட்டும் இருந்தது. அதில் இருக்கிற நகத்தளவு முகத்தைப் பெரிதாக்கச் சொன்னார்கள். சிலர் ஊறிப்போன ஆல்பத்தைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார்கள். காய வைத்துக் கொண்டுவந்தவர்களுடையது ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிட்டது, பிரித்தால் முகம் உரிந்து வரும். ஈரத்தோடு வந்ததை நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, முகம் மேலே பார்க்க மொட்டை மாடியில் நிழலில் பரப்பினோம். லேப் பிரிண்ட் பலது பிழைத்தது. கம்ப்யூட்டரில் மை தெளித்துப் போட்ட பிரிண்ட் இருந்தால் வெறும் நீலக் கறைதான் மிச்சம்.

அந்த அம்மாவும் வந்தார். மகள் கல்யாணம் நாங்கள் எடுத்தது, எந்த வருஷம் என்று நினைவில்லை. "இவன் பொறக்குறதுக்கு முந்தின வருசம்" என்று பேரனைக் காட்டினார். அவனுக்கு ஆறு வயது. நோட்டைப் புரட்டினால் 97/64. அலமாரியில் 1997 பிஸ்கட் டப்பா, அதில் 64-ஆம் கவர். எடுத்துக் கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன். பிரிண்ட் போட்டுத் தருகிறேன், இதில் முகம் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா ஆரஞ்சுச் சுருளை வாங்கிக் கண்ணுக்கு நேரே வைத்து, "தல குனிஞ்சிருக்கா பாரு. எம் புள்ளதான்" என்றார். கயிறு அதில் புதுசு. ஊக்கும் இல்லை, சாவியும் இல்லை.

சித்தப்பா அந்த இரண்டு மாதமும் தினமும் வந்தார். குரூப் போட்டோவின் மூன்றாவது வரிசையில் பட்டாணி அளவு இருக்கிற முகத்தை 8-க்கு 10 சைஸுக்குக் கொண்டுவர வேண்டும். பிரிண்டில் சித்தப்பா பிரஷால் சரி செய்வார். கடைப் பையன் அதை ஸ்கேன் செய்து, ஃபோட்டோஷாப்பில் பின்னால் இருக்கிற கூட்டத்தை வெட்டிவிட்டு நீல வானம் வைப்பான். "அவசரத்துக்கு உங்க பொட்டி, ஆயுசுக்கு என் நெகட்டிவ்" என்று சித்தப்பா சொல்லிக்கொள்வார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் பல வருஷம் அதையே எல்லாரிடமும் சொல்லிவந்தேன்.

அந்த வருஷமே கடன் வாங்கி டி70எஸ் வாங்கினேன். பிறகு எல்லாமே கடகடவென்று நடந்தது. 2006 ஜனவரியில் நிக்கான், ஒன்றிரண்டைத் தவிர ஃபிலிம் கேமராக்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதே மாதம் கோனிகா மினோல்ட்டா கேமராத் தொழிலைவிட்டே விலகுவதாகச் சொன்னது. டிஜிட்டல் கேமராவை 1975-லேயே தன் வீட்டுக்குள் செய்து பார்த்த கோடாக், 2012-ல் கடன்காரர்களிடமிருந்து தப்பிக்க அமெரிக்கக் கோர்ட்டுக்குப் போனது. கடைப் பையன் பேப்பரில் படித்துச் சொன்னபோது, "குட்டிய வளக்காம வுட்டா அது பக்கத்து ஊட்டுக்குப் போயிரும்" என்றார் சித்தப்பா. ஊட்டி ஃபேக்டரியும் மூடப்பட்டது. எங்கள் லேப்காரர் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார். ஹைப்போவிலிருந்து வெள்ளி எடுக்க மாதம் ஒருமுறை கேனோடு வருகிற ஆள் வருவதை நிறுத்தினார். கல்யாணத்துக்கு எட்டு ரோல் என்பது போய் 2,000 கிளிக், கரிஷ்மா ஆல்பம் என்றானது. சித்தப்பாவின் சாய்வு மேஜைமேல் பிரிண்டர் உட்கார்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடியில் இருந்த கண்ணாடியை மட்டும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார், முகம் பார்க்க.

இந்த அவசரத்தில் இன்னொன்றும் நின்றுபோனது. டி70எஸ் வந்த பிறகு நோட்டில் வரி இல்லை. தேதியும் நேரமும் ஃபைலிலேயே இருக்கிறதே, எதற்கு எழுதுவது? கம்ப்யூட்டரில் 'கல்யாணம் புதுசு', 'கல்யாணம் புதுசு 2', 'செல்வி அக்கா சொந்தம்' என்று ஃபோல்டர்கள் பெருகின. பாதியைப் போட்ட கடைப் பையனுக்கே அடையாளம் தெரியாது. 2009-ல் ஒருநாள் காலையில் ஹார்ட் டிஸ்க் டக், டக் என்று சத்தம் போட்டது. அவ்வளவுதான். சென்னைக்குக் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டு வருஷக் கல்யாணங்கள். சில வீட்டுக்கு டிவிடி கொடுத்திருந்தேன், தேடிப் போய்க் கேட்டேன். யார் யாருக்குக் கொடுத்தேன் என்பதற்கும் நோட்டு இல்லை.

"பாத்தியா? ஆயுசுக்கு நெகட்டிவ்" என்றார் சித்தப்பா. அந்த வருஷ மழைக்காலத்தில் பழைய டப்பாக்களைத் திறந்தேன். 1970-களின் டப்பா ஒன்றில் பூஞ்சை ஏறி, முகங்கள்மேல் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்தது. அவர் கையில் கொடுத்தேன். ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அந்தப் பழமொழியை அவர் சொல்லவில்லை. கடற்கரைக் காற்றுக்கு ஃபிலிமும் ஒன்றுதான், டிஸ்கும் ஒன்றுதான். 97/64-ஐ ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தது ஃபிலிம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அப்பாவின் கையெழுத்து எடுத்துக் கொடுத்தது அது. 2009 வரை நான் எடுத்த டிஜிட்டல் படங்களில் கேட்ட உடனே எடுத்துத் தரக்கூடியவை எவை என்று யோசித்தால், அந்த 61 நம்பர்தான் நினைவுக்கு வருகிறது. நோட்டில் ஏறிய டிஜிட்டல் படம் அது மட்டும்தான்.

அந்த மெமரி கார்டை நான் அழிக்கவில்லை. எடுத்த மறு வாரமே கேமராவிலிருந்து கழற்றி, நெகட்டிவ் கவரில் போட்டு, நம்பர் எழுதி, 2004 டப்பாவில் வைத்துவிட்டேன்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. இரண்டு மாதம் கழித்து ஒரு பையன் மாடி ஏறி வந்தான். இருபது இருபத்தொரு வயது. கையில் நனைந்து உப்பிய ஒரு போட்டோ. ஓட்டுக் கூரை பறந்து, சுவரில் மாட்டியிருந்தது கீழே விழுந்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்திருக்கிறது. முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு. "இத எடுத்தது நீங்கதான்னு பாட்டி சொன்னாங்கண்ணே" என்று பின்பக்கத்தைத் திருப்பினான். ரப்பர் ஸ்டாம்ப் கலைந்திருந்தது. அதற்குக் கீழே பென்சில் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. 97/64. பென்சில் தண்ணீருக்குக் கரையாது.

டப்பாவை எடுத்தேன். ஓரத்தில் பூஞ்சை தொட்டிருந்தது, நடுவில் சேதமில்லை. ஜன்னலில் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். செல்போனில் நெகட்டிவைப் படம் எடுத்து, ஏதோ ஒன்றை அழுத்தி, அங்கேயே கலராக்கிவிட்டான். அம்மாவைப் பார்த்தான். பக்கத்தில் அப்பாவைப் பார்த்தான். இரண்டு விரலால் அப்பாவைப் பெரிதாக்கினான். அன்றைக்கு அவன் பாட்டிக்கு நான் பெரிதாக்கிக் காட்டியது நினைவுக்கு வந்தது.

"அப்பா கெடைக்கவே இல்லைல்ல?" என்றான்.

"இல்லப்பா."

"உங்ககிட்ட வேற படம் இருக்குன்னு பாட்டி சொன்னாங்க. பேரு தெரியாதவங்க."

கார்டு அதே அலமாரியில், இரண்டு தட்டு தள்ளி இருந்தது. அந்தப் படங்களை ஒரு பிள்ளைக்குக் காட்டுகிற தைரியம் எனக்கு இல்லை. நோட்டை மட்டும் எடுத்துப் பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தேன். பெயர்க் கட்டம் காலியாக இருக்கிற 23 வரிகள். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தான். ஆண், பச்சைக் கட்டம் போட்ட கைலி. ஆண், காக்கி அரைக்கால் சட்டை, வலது கை கட்டைவிரல் நகம் இல்லை. ஆண், அரைஞாண் கயிற்றில் தாயத்து, இடது முழங்காலுக்குக் கீழே பழைய தையல். அந்த வரியில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு கடைசிவரை படித்துவிட்டுத் திரும்ப அங்கே வந்தது.

"இது நம்பர் 44-ண்ணே" என்றான். "அப்பாவுக்குக் கால்ல தையல் இருந்துச்சான்னு பாட்டிகிட்ட கேக்கணும். எனக்கு ஞாபகம் இல்ல."

"கேட்டுட்டு வா. இங்கதான் இருக்கும்."

நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனான். பிரிண்டை வாங்க வேறொரு பையன்தான் வந்தான், அவன் நண்பனாம். பாட்டியிடம் கேட்டானா, கேட்காமலே இருக்கிறானா, எனக்குத் தெரியாது. நானாக விசாரிக்கவில்லை.

அவன் போன அன்றைக்கு ராத்திரி கல்லாவைப் பூட்டுவதற்கு முன்னால் புது நோட்டு ஒன்று எடுத்துக் கோடு போட்டேன். இப்போது எந்த வேலை எடுத்தாலும் நோட்டில் ஏறும். அதே நம்பர்தான் ஃபோல்டர் பெயர். இரண்டு டிஸ்கில் ஒன்று கடையில், ஒன்று வீட்டில். ஆளுக்கு ஒரு படமாவது லேப் பிரிண்ட் போட்டுப் பின்னால் பென்சிலில் எழுதிக் கொடுக்கிறேன். புதுப் பையன்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. கார்டு ரீடர் ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடி வாங்கி 2004 டப்பாவிலேயே வைத்திருக்கிறேன். நம்பர் 44-ஐக் கேட்டு யாராவது படி ஏறி வந்தால், அதைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.